ஒட்டாத சந்தனம்

துப்பாக்கிக் கடையில் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. ஒரு வருஷம் வேலையில்லாமல் ஸ்ரீரங்கத்துக்கும் திருச்சிக்கும் சைக்கிளில் அலைந்து, காவிரிப் பாலத்தின் கைப்பிடிக் கம்பிகளையெல்லாம் எண்ணி முடித்த பிறகு கிடைத்த வேலை. பெரிய கடைத்தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் கடை. முதலாளியை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். என்னை அவர் சாமி என்பார்.

லைசென்ஸ்காரர்கள் வெளியூர் போகும்போது துப்பாக்கியை எங்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போவார்கள். வாங்கி, துடைத்து, துருப் பிடிக்காமல் எண்ணெய்க் காப்பிட்டு, கேட்கும்போது கொடுக்க வேண்டும். சேர்ந்த அன்றே பாய் சொல்லிவிட்டார்: "ஒப்படைச்ச சாமான்ல துரு விழுந்தா அன்னிக்கே நீங்க வீட்டுக்குப் போயிடலாம், சாமி. கோபமா சொல்லல. கடையோட வழக்கம் அது."

வழக்கங்கள் இன்னும் இருந்தன. தினமும் எடுக்கிற துப்பாக்கிக்குத் தையல் மிஷின் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் கூடாது, எறும்பு வரும். நல்லெண்ணெய் நாளானால் பிசினாகி விசையைப் பிடித்துக்கொள்ளும். மாதக்கணக்கில் நிற்கப்போகிற துப்பாக்கிக்குப் பாயே காய்ச்சும் ஒரு களிம்பு உண்டு. உப்புப் படாத ஆட்டுக் கொழுப்பை உருக்கி வடிகட்டி, சூடு அடங்குமுன் கற்பூரம் கரைத்து, தகர டப்பாவில் ஊற்றி வைப்பார்.

கற்பூரம்! பிறந்ததிலிருந்து சந்நிதி வாசனையாக எனக்குத் தெரிந்த ஒன்று, ஆட்டின் வயிற்றுக் கொழுப்புக்குள் போய்ப் படுத்திருந்தது. குச்சி முனையில் துணி சுற்றி, விரல் படாமல் தடவுவேன். மத்தியானம் சீயக்காய்ப் பொடி போட்டு மூன்று தரம் கை கழுவுவேன். அப்படியும் வாசனை கூடவே வீட்டுக்கு வரும்.

"பெருமாள் சேவிச்சுட்டு வரயா?" என்பாள் அம்மா, வாசலிலேயே முகர்ந்து, முகம் மலர்ந்து.

ம் என்பேன்.

அந்தப் புரட்டாசியில் மருங்காபுரிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி தம் இரட்டைக் குழல் துப்பாக்கியை ஒப்படைத்திருந்தார். கண்ணில் புரை எடுக்க மதுரைக்குப் போகிறார். கடலை முற்றும் முன் வந்து வாங்கிக்கொள்வார். அவருக்கு முன்னால் காட்டுப்பன்றி தோண்டிவிடக்கூடாது அல்லவா? களிம்பு தடவி நிறுத்தியிருந்தேன். பழைய துப்பாக்கி. குழல் மழைமேகக் கருப்பில், கை படும் இடத்தில் மட்டும் வெளிறி.

ஆயுத பூஜை வந்தது. "உங்க பண்டிகை, உங்க இஷ்டம்போல செய்யுங்க சாமி" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் பாய் ஒரு கல்யாணத்துக்குப் புதுக்கோட்டை போனார். கண்ணாடிப் பெட்டியில் இருந்த புதுத் துப்பாக்கிகளுக்கெல்லாம் மரப்பிடியில் பொட்டு வைத்தேன். இந்தப் பழையதை எடுத்ததும் கை நின்றது. உண்மையில் வேலை செய்த ஆயுதம் இது ஒன்றுதான். இதற்குக் குழலிலேயே வைக்க வேண்டும் என்று தோன்றியது. ஆனால் பெருமாள் பேரைச் சொல்லிச் சந்தனம் இடப்போகிற இடத்தில் ஆட்டுக் கொழுப்பா? சீயக்காய் கரைத்த வெந்நீரில் துணி நனைத்து, குழலை வழுவழுப்புப் போகத் துடைத்தேன். காயத் துடைத்தேன் என்றுதான் அப்போது நினைத்தேன். பன்னீர் விட்டு இழைத்த சந்தனத்தில் மூன்று பொட்டு, நடுவில் குங்குமம். அழகாக இருந்தது. பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாது. தொடவில்லை.

இரவெல்லாம் மழை. ஆறு கரை தொட்டுப் போயிற்று. விஜயதசமியன்று காலையில் வந்து பொட்டைத் துடைத்தேன். சந்தனம் போயிற்று, குங்குமம் போயிற்று. அடியில் செங்கல் நிறத்தில் மூன்று வட்டம் அப்படியே நின்றது. நகத்தால் சுரண்டினேன். எண்ணெய் விட்டு அரை மணி தேய்த்தேன். கொஞ்சம் மங்கிற்று. மேலும் தேய்த்தபோது துருவோடு கருப்பும் கிளம்பத் தொடங்கியது. நிறுத்திவிட்டேன். என் வேலை அந்த மூன்று வட்டத்துக்குள் இருந்தது.

மத்தியானம் பாய் வந்தார். மறைக்க இடமில்லை, சொன்னேன். குழலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"கொழுப்பு மேலயே வச்சிருந்தா என்ன சாமி? உங்க பெருமாள் கோவிச்சுக்குவாரா?"

"சந்தனம் ஒட்டாது பாய்."

"ஒண்ணும் ஒட்டக்கூடாதுன்னுதானே தடவறோம்!"

மறுநாள் காலையில் விவசாயி வந்தார், ஒரு கண்ணில் பச்சைத் துணி மறைப்போடு. பாய் என்னைப் பார்த்து, "நீங்களே சொல்லுங்க" என்றார். வெந்நீர் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் நல்ல கண்ணருகே குழலைப் பிடித்து, ஒவ்வொரு வட்டத்திலும் கட்டைவிரலை வைத்தார். "உள்ள எப்படி?"

பாய் துப்பாக்கியை மடித்துக் காட்டினார். உள்ளே கண்ணாடிபோல் பளபளப்பு.

"பன்னிக்கு வெளிய இருக்கிறது தெரியவா போவுது? ஆனா இது எங்க அப்பாரு வச்சிருந்தது. இத்தனை வருஷத்துல ஒரு புள்ளி விழுந்ததில்ல." பாயிடம் திரும்பினார். "ஆளை அனுப்பிடுவீங்களோ?"

"கடை வழக்கம் அதுதாங்க. உங்க துப்பாக்கி, நீங்க சொன்னா சரி."

அவர் என் கையில் இருந்த குச்சியைப் பார்த்தார். நுனியில் சுற்றிய துணியைப் பார்த்தார். "இதாலதான் தடவுவீங்களா?"

"ஆமாங்க."

"கையால தடவ மாட்டீங்க."

குச்சியை மேஜைமேல் வைத்தேன்.

"இப்ப கையால தடவுங்க. நான் பாக்கறேன். அடுத்த வருஷமும் இங்கதான் கொண்டாருவேன், அப்பவும் நீங்கதான் தடவணும்."

பாய் டப்பாவைத் திறந்து என் முன் நகர்த்தினார். "விரல் சூட்டுல இளகினாத்தான் சாமி, துருக் குழிக்குள்ள இறங்கும்." சிரிக்காமல்தான் சொன்னார்.

இரண்டு விரலை உள்ளே விட்டேன். குளிர்ந்திருந்தது, பிறகு இளகியது. முதல் வட்டம். இரண்டாவது. மூன்றாவதில் குழி விரலுக்குத் தட்டுப்பட்டது. அது நிரம்பும் வரை சுற்றிச் சுற்றித் தேய்த்தேன். பிறகு குழல் முழுதும், நுனி வரை. அவர் அதைக் கோணிக்குள் வைத்துக் கட்டி, தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

சாயங்காலம் வீட்டு வாசலில் அம்மா முகர்ந்தாள். "பெருமாள் சேவிச்சுட்டு வரயா?"

"இல்லம்மா. கடைலேந்து நேரா வரேன்" என்றேன்.

கிணற்றடிக்குப் போய் இரண்டு வாளி இறைத்துக் கொட்டிக்கொண்டேன்.