ஆண் உடும்புதான் மருந்து

கிழிந்த துருத்தியோடு ஆர்மோனியம் வாசித்தால் எப்படியிருக்கும், அப்படியொரு சத்தம் மழைக்காலம் வந்தால் அம்மாவின் நெஞ்சுக்குள்ளிருந்து வரும். ‘இழுப்பு’ என்பார்கள். சிதறால் மலையடியில் எங்கள் வீடு. வெயில் ஏறியதும் பொந்துக்கொன்றாக உடும்புகள் வெளியே வந்து, நாக்கை நீட்டி நீட்டிக் காற்றைச் சோதித்துவிட்டு, பாறையில் பரப்பிக்கொண்டு படுத்திருக்கும். இழுப்புக்கு உடும்புக் கறியைப்போல் மருந்தில்லை என்பது ஊர்ப்பேச்சு. அம்மாவின் தம்பி, ரப்பர் வெட்டுக்குப் போகும் தங்கப்பன் மாமா, ஒன்றைப் பிடித்து வந்தார். ‘நல்லமிளகு’ அரைத்து வைத்த குழம்பை அம்மா கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். இழுப்பு நிற்கவில்லை.

“அது பெட்டையாக்கும் அக்கா. பெட்டைக்குக் குணம் கெடையாது. ஆண் உடும்புதான் மருந்து.”

“பாத்துப் பிடிக்கப்பிடாதாலே? பெண்ணு பாக்கப் போனப்பமும் இந்தக் கண்ணத்தானே கொண்டு போனே?” என்றாள் அம்மா, மூச்சு வாங்கிக்கொண்டே.

உடும்பில் ஆண் எது பெண் எது என்று வெளியே பார்த்துச் சொல்வது லேசில்லை என்பது வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. எங்கள் ஊரில் அதற்கு ஒரே சோதனைதான்: தின்றும் இழுப்பு நிற்காவிட்டால் அது பெட்டை. அப்படி எங்கள் வீட்டில் மட்டும் ஒரே மழைக்காலத்தில் நாலு பெட்டைகள். இழுப்புக்காரர்கள் இருந்த மற்ற வீடுகளிலும் இதே தேடல்தான்.

ஐந்தாவதைக் கொண்டுவந்த மாமா, “தலையப் பாரு, இது ஆணேதான்” என்று சத்தியம் செய்தார். அம்மாதான் வயிற்றைக் கீறினாள். உள்ளே நெருக்கி அடுக்கியதுபோல வெள்ளை வெள்ளையாக முட்டைகள். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

“முட்டையிடப்போற சீவன கொண்டாந்து போட்டிருக்கியேலே, பாவி.”

சொன்னது மாமாவை, ஆனால் பார்த்துக்கொண்டிருந்தது தன் கையை. அதை மண்ணில் புதைக்கச் சொன்னாள். மறுவாரம் நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறி டாக்டரைப் பார்த்தாள். வாயில் வைத்து உறிஞ்சும் மருந்து வந்தது, மூச்சும் வந்தது. மற்ற வீடுகளில் தேடல் நிற்கவில்லை.

இப்போது மலையடியில் வனத்துறைப் பலகை இருக்கிறது: உடும்பைப் பிடித்தால் சிறை. நல்ல காரியம்தான். போன மாதம் அம்மாவைக் கைப்பிடித்து மேலே ஏற்றினேன். பாறைகளில் வெயில் மட்டும் படுத்திருந்தது. பொந்துகளில் சருகு.

“ஆளக் கண்டா வெளிய வராது மக்கா. நாம மிண்டாம இருப்போம்” என்றாள் அம்மா.

வெயில் இறங்கும்வரை இருவரும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தோம்.