வலிக்காத மணிக்கட்டு

வெயில் கொளுத்தும் மே மாதத்திலும் அக்கா ஸ்வெட்டர் போட்டிருப்பார். அடர்பச்சை, முழுக்கை. கணிப்பொறி அறையின் ஏ.சி.யில் நாள் முழுக்க உட்காருகிறவருக்கு அதுதான் சீருடை. இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் புனேயில் நாங்கள் இருவரும் ஒரே பேராசிரியரிடம் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தோம். அக்காவுக்குக் கோயம்புத்தூர், என்னைவிட இரண்டு வருடம் மூத்தவர். அவர் மாடியில் கணக்குப் போடுவார், நான் கீழே ஆய்வகத்தில் குடுவையும் கையுமாக நிற்பேன். இந்தியிலும் மராத்தியிலும் நாக்கு சுளுக்கிக்கொண்ட பிறகு அவரோடு பேசும் தமிழ்தான் எனக்கு ஆறுதல்.

நாங்கள் எடுத்துக்கொண்டது ஃபுளோரின் சேர்ந்த ஈனமீன்கள் என்ற வகை வேதிச் சேர்மங்கள். அமிலம் கொடுக்கும் புரோட்டானை அந்த மூலக்கூறு எந்த இடத்தில் வாங்கி வைத்துக்கொள்ளும் என்பதே கேள்வி. நைட்ரஜனில் என்றால் தொல்லையில்லை. கார்பனில் என்றால் ஃபுளோரின் கழன்று ஹைட்ரஜன் ஃபுளோரைடாக வெளியே வரும். அதை நினைத்தாலே எனக்குக் குலை நடுங்கும். தோலில் பட்டால் முதலில் ஒன்றுமே தெரியாது. சத்தமில்லாமல் எலும்புவரை இறங்கிவிடும். வலி பல மணி நேரம் கழித்துத்தான் வரும்.

"நைட்ரஜன்னுதான் கணக்கு சொல்லுது கண்ணு," என்றார் அக்கா. "ஆனா என்ற மூலக்கூறு வெட்டவெளியில தனியா நிக்குது. உன்ற குடுவைக்குள்ள அப்படியா? ஒரு வாரம் பொறு, கரைப்பானையும் சேர்த்துப் போட்டுப் பாக்கறேன்." பேராசிரியருக்குப் பொறுமையில்லை. அன்றே செய்துவிடச் சொன்னார். அக்காவுக்கு மாடியில் இருப்புக் கொள்ளவில்லை. நான் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடும்போது பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். நான் தடித்த கையுறை, கண்ணாடி, ஏப்ரன் சகிதம் இருந்தேன். கணக்குப் போடுகிறவரிடம் கையுறை ஏது?

குடுவை திடீரென்று சூடேறிப் பொங்கியது. வெள்ளைப் புகை. மழைக்கால ஈரத்தில் சாதாரண அமிலமும் அப்படித்தான் புகையும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அக்கா என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். ஒரு தெறிப்பு அவருடைய வலது மணிக்கட்டில் விழுந்தது.

அவருடைய ஸ்வெட்டரை உருவி எறிந்தேன். குழாயடியில் கையைக் கழுவி, ஹைட்ரஜன் ஃபுளோரைடுக்கென்றே வைத்திருந்த கால்சியம் களிம்பை அப்பி, ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வானவடிப் பக்கம் ஒரு மருத்துவமனைக்கு ஓட்டினேன். ஒவ்வொரு சிக்னலிலும் திரும்பி, "வலிக்குதாக்கா?" என்று கேட்டேன். "இல்லையே," என்றார். சாதாரண அமிலம் என்றால் கழுவிய பிறகு வலிக்காது. அந்த ஃபுளோரைடு என்றாலும் இப்போதைக்கு வலிக்காது. அவர் இல்லை என்று சொல்லச் சொல்ல நான் ஸ்கூட்டரை இன்னும் விரட்டினேன்.

மருத்துவர் கால்சியம் ஊசியைத் தயாராக வைத்துவிட்டு எங்களைக் காத்திருக்கச் சொன்னார். மாலையாயிற்று. "இன்னொருக்கா கேட்டீன்னா வலிக்குதுன்னு பொய் சொல்லிப்போடுவேன், பாத்துக்க," என்று அக்கா கேலி செய்தார். நானும் சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் பேச்சு பாதியில் நின்றது. முகம் வெளுத்து, மணிக்கட்டை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"கார்பன்லதான் கண்ணு போய் உக்காந்திருக்குது."

கை பிழைத்தது, தழும்போடு. அக்கா இப்போது விமான் நகரில் நன்றாக இருக்கிறார். எனக்குத்தான் அந்தப் பயம் விடவில்லை. என் மகள் சைக்கிளிலிருந்து விழுந்து அலறிக்கொண்டு ஓடி வந்தால் நான் பதறுவதில்லை. முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, "வலிக்கலைம்மா," என்று சிரித்தால்தான் ஓடிப்போய் அந்த முழங்காலைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்.