கொட்ட வேண்டிய முதல் தண்ணீர்

"தழை அவங்க கொடுத்ததுதான்." மரக்காணம் உப்பளத்தின் வரப்பில் நின்று ஒரு மேஸ்திரியிடம் இப்படிச் சொன்னேன். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனாலும் என் பணிக்காலத்தில் நான் செய்த பெரிய துரோகம் அந்த வாக்கியம்தான்.

எழுபதுகளின் நடுப்பகுதி. புதுச்சேரியில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் மூலிகைகளைச் சோதிக்கும் வேலை எனக்கு. கிளியனூர் வழியாகத் திண்டிவனம் போய், பஸ் மாறி மரக்காணம் போவேன். பாத்தியில் உப்பு வாரும் பெண்களின் கால்கள் உப்புநீரில் வெடித்துச் சீழ் பிடிக்கும். அதற்கு அஞ்சலை என்ற தொழிலாளி ஒரு தழையை வேகவைத்துத் தருவார். செடியின் பெயரை இங்கே எழுதவில்லை. யாரும் அரைத்துப் பார்த்துவிடக் கூடாது.

"மொதத் தண்ணிய கொட்டிடணும் சார். ரெண்டாந் தண்ணியிலதான் காலு வெக்கணும்" என்றார் அஞ்சலை.

"ஏன்?"

"ஏன்னா? கொட்டணும், அவ்ளோதான். படிச்சவங்களுக்கு எல்லாத்துக்கும் ஒரு ஏன்."

சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். அவர் சொன்னதை நான் குறித்துக்கொள்ளவில்லை. எங்கள் வழக்கப்படி தழையை உலர்த்தி, ஆல்கஹாலில் ஊறவைத்துச் செறிவான சாற்றை, எக்ஸ்ட்ராக்டை, எடுத்தேன். கிருமி வளர்க்கும் பெட்ரி டிஷ்ஷில் அதை வைத்த இடத்தைச் சுற்றி பாக்டீரியா வளரவே இல்லை. தெளிவான, அகலமான வளையம். துள்ளிக் குதித்தேன்.

அடுத்தது நச்சுச் சோதனை. மூன்று முயல்களின் முதுகை மழித்து மருந்தைத் தடவினேன். இரண்டுக்குத் தோல் கொப்பளித்தது. கருத்தரங்கு நெருங்கிக்கொண்டிருந்தது. 'மழித்தபோது ஏற்பட்ட காயம்' என்று நோட்டில் எழுதினேன். கட்டுரையில் அந்த முயல்கள் இடம்பெறவில்லை.

அதோடு நிற்கவில்லை. எக்ஸ்ட்ராக்டை வாசலினில் குழைத்து அஞ்சலையிடம் கொடுத்தேன். "உங்க தழைதாம்மா, கொஞ்சம் கெட்டியா பண்ணியிருக்கேன்." அவர் நம்பினார். தன்னிடம் வந்த கன்னியம்மாளின் காலில் தடவினார்.

அடுத்த முறை நான் போனபோது கன்னியம்மாள் வேலைக்கு வரவில்லை. பாதம் முழுக்கக் கொப்புளம் உடைந்து, உப்புநீரில் கால் வைக்க முடியாமல் வீட்டில் கிடந்தார். மேஸ்திரி அஞ்சலையைப் பிடித்துத் திட்டிக்கொண்டிருந்தார்.

"பெரிய டாக்டராட்டம் ஆடுனியே, இன்னா ஆச்சு பாரு!" என்றவர் என் பக்கம் திரும்பினார். "சார், மருந்து உங்குளுதா, இவுளுதா?"

அஞ்சலை என்னைப் பார்த்தார். அப்போதுதான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன்.  அவர் உப்பு வாரும் பலகையை எடுத்துக்கொண்டு பாத்தியில் இறங்கிவிட்டார்.

பிறகு ஆய்வுக்கூடத்தில் தழையை அவர் சொன்னபடியே வேகவைத்துச் சோதித்தேன். தோலைப் பொசுக்கும் நஞ்சு பெரும்பாலும் முதல் தண்ணீரோடு போய்விடுகிறது. கிருமியைக் கொல்வது இரண்டாம் தண்ணீரில் கிடைக்கிறது. ஆல்கஹாலில் இரண்டையும் சேர்த்தே நான் இறக்கியிருந்தேன். இது தெரிந்த பிறகும் இரண்டு வருடம் மரக்காணம் பக்கம் போகவில்லை.

கடைசியில் போனேன். காலையில் வரப்பில் எல்லோரும் கூடியிருந்தபோது, நோட்டில் முயல்களைப் பற்றி எழுதிய பக்கத்தைக் காட்டி, "தப்பு என் மருந்துல, இவங்க தழையில இல்ல" என்றேன். கன்னியம்மாள் தழும்பேறிய காலோடு நின்றிருந்தார். "அப்ப அன்னிக்கு ஏன் சார் வாயத் தொறக்கல?" என்று கேட்டார். நான் நோட்டை மூடினேன்.

அஞ்சலை நிமிரவே இல்லை. "சொல்லிட்டீங்க இல்ல, கெளம்புங்க. வெயில் ஏறுது."

என் கட்டுரை வந்த ஆய்வுப் பத்திரிகைக்குத் திருத்தம் அனுப்பினேன். சில வரிகளில் வந்தது. உப்பளத்தில் அதைப் படிக்க யார் இருக்கிறார்கள்? ஆனால் வரப்பில் எல்லோர் முன்னும் தப்பை ஒப்புக்கொண்டது பலித்தது. பெண்கள் மறுபடி தழை கேட்டு அஞ்சலையிடம் போனார்கள். முதலில் போனவர் கன்னியம்மாள்.

அஞ்சலைதான் தழை பறிக்க மறுத்துவிட்டார். அடுத்த வருடம் போய்க் கெஞ்சினேன். இரண்டாம் தண்ணீரில் பயமே இல்லை, நானே சோதித்துவிட்டேன் என்றேன்.

"நீங்க சோதிச்சதுதான் சார்," என்றார், "எனக்கு பயமா இருக்குது."