அவர் தோளில் நான் வைத்த வேண்டுதல்

போன வருடம் ஆடி மாதம் என் வீட்டுக்காரருக்கு இட்லி நெஞ்சிலேயே நின்றுகொண்டு இறங்க மறுத்தது. "அவசர அவசரமா முழுங்குனா அப்படித்தான்" என்று திட்டினேன். பிறகு முதுகுவலி வந்தது. முப்பது வருடம் சிங்கப்பூரில் மின்தூக்கி பழுதுபார்த்தவர், வேலை செய்த வலி என்று நினைத்துத் தினமும் தைலம் தேய்த்துவிட்டேன். உள்ளே எலும்பை நோய் அரித்துக்கொண்டிருந்தது எனக்கு எப்படித் தெரியும்?

புரட்டாசியில் மருத்துவமனையில் சேர்த்தோம். உணவுக்குழாயில் புற்றுநோய், முதுகெலும்புக்கும் பரவிவிட்டது என்றார் டாக்டர். முழுதாகக் குணப்படுத்த முடியாது, வலியையும் நோயின் வேகத்தையும் குறைக்கலாம் என்றார். எவ்வளவு நாள் என்று கேட்டேன். மாதக்கணக்கில்தான் பேச முடியும், மருந்து நன்றாகக் கேட்டால் கூடலாம், நாள் குறித்துச் சொல்ல யாராலும் முடியாது என்றார். அதன் பிறகும் ஏதோ சொன்னார். என் காதில் ஏறவில்லை. மாதக்கணக்கு என்ற சொல்லிலேயே நின்றுவிட்டேன்.

அவரை வார்டில் விட்டுவிட்டு, தெம்பனிஸ் வீட்டுக்குப் போகாமல் நேராகத் தேக்காவுக்குப் போனேன். கோயிலில் முருகன் முன்னால் விழுந்தேன். "இவரைப் பிழைக்க வை. தைப்பூசத்துக்கு இவரே காவடி எடுப்பார்" என்று வேண்டி, மஞ்சள் துணியில் ஒரு வெள்ளிக் காசை முடிந்தேன். அவர் இருபத்திரண்டு வருடம் அலகுக் காவடி எடுத்தவர். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சொன்னபோது சிரித்தார். "நேர்ந்துட்டேல்ல, எடுத்துடலாம் லா."

கதிர்வீச்சுக்குப் பிறகு வலி குறைந்தது. கஞ்சி இறங்கியது. மார்கழி பிறந்ததும் காவடிச் சட்டத்தை ஸ்டோர் ரூமிலிருந்து எடுத்துத் துடைத்தார். விரதமும் தொடங்கினார். ஒரு வேளைச் சாப்பாடு. உடம்பு தேற மருத்துவமனையில் சொன்ன முட்டையும் மீனும் வேண்டாம் என்றார்.

அடுத்த முறை போனபோது எடை இறங்கியிருந்தது. டாக்டர் காரணம் கேட்டார். காவடியைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வலி குறைந்தால் எலும்பு கெட்டியாகிவிட்டது என்று அர்த்தமில்லை, கனமானதைச் சுமந்தால் முதுகெலும்பு நொறுங்கி இரண்டு கால்களும் செயலிழந்து போய்விடலாம், இதை முதல் நாளே சொன்னேனே என்றார்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. எடுத்தால் கால் போகும். எடுக்காவிட்டால் சாமி குற்றம். இரண்டும் என் வாயால் வந்தது. வேண்டாம் என்று அவரிடம் சொல்லவும் நா எழவில்லை. பூஜை அலமாரி முன்னால் உட்கார்ந்து அழுதேன். "முருகா, வாக்குக் கொடுத்தவள் நான். தண்டனை இருந்தால் எனக்குக் கொடு. ஒரு வழி காட்டு." மூன்று நாள் அதே வேண்டுதல். ஒரு வழியும் தெரியவில்லை.

நாலாம் நாள் காலை சந்தையிலிருந்து திரும்பினேன். அவர் சட்டத்தைப் பாதி தோளில் ஏற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகமெல்லாம் வேர்வை. ஓடிப்போய்ப் பிடுங்கினேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

கல்யாணமாகி முப்பத்தொரு வருடத்தில் அவர் வாயிலிருந்து அதைக் கேட்டதில்லை.

"அப்புறம் ஏங்க தூக்குறீங்க?"

"எடுக்காம விட்டு எனக்கு ஒண்ணு ஆயிட்டா, நேர்த்திக்கடன் செலுத்தாததாலதான்னு நீ காலம் முழுக்க அழுவே. அதுக்குத்தான்."

இருவரும் அழுதோம். பிறகு அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஆமா, நேர்ந்தது யாரு?"

"நான்தான்."

"அப்ப நீ எடு."

அது முருகன் தந்த பதில். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

விரதத்தை அவர் விட்டார், நான் தொடங்கினேன். தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை வெறுங்காலோடு, காவடிக்குப் பதிலாகப் பால்குடம் சுமந்தேன். வழியெல்லாம் பயம்தான். கூட்டத்தில் யாராவது அவரை இடித்துவிடுவார்களோ என்று. கோயில் வாசலில் சக்கர நாற்காலியில் காத்திருந்தார், பின்னால் அவர் தம்பி. பால் அபிஷேகமானது. மஞ்சள் முடிச்சை உண்டியலில் போட்டேன். பிரசாதப் பாலை ஒரு மிடறு அவர் வாயில் ஊற்றினேன், அடைத்துக்கொள்ளுமோ என்று அவர் தொண்டையையே பார்த்தேன்.

"இறங்கிடுச்சு" என்றார்.

நோய் போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை. சிகிச்சை நடக்கிறது. அடுத்த வாரம் மறுபடி ஸ்கேன், இப்போதே பயமாக இருக்கிறது. ஆனால் பயத்தை ஒருவருக்கொருவர் மறைப்பதை விட்டுவிட்டோம். தினமும் காலையில் இருவருமாக முருகனிடம் சொல்லிவிட்டுத்தான் காப்பி குடிக்கிறோம்.

அடியார்களே, பயமாக இருந்தால் அவனிடம் போங்கள், கைவிட மாட்டான். டாக்டர் சொல்வதையும் கடைசிவரை கேளுங்கள். நேர்ந்துகொள்வதாக இருந்தால் உங்கள் தோளுக்கு நேர்ந்துகொள்ளுங்கள்.

நேற்று இட்லி கேட்டார். இரண்டு இட்லியைச் சாம்பாரில் ஊறவைத்துக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றரை இறங்கியது. வேலவனுக்கு நன்றி.