கடல் எவ்வளவு ஆட வேண்டும்

மெனு ஆடாது. மெனுவை ஒழுங்குபடுத்துகிற வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டதற்கு இதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை.

எங்கள் அலுவலகம் திருவொற்றியூரில், ஒரு பெயின்ட் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. கீழே கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்குப் போக வரிசைகட்டி நிற்கும். கப்பல் ஓட்டப் படிக்கிறவர்கள் கரையில் உட்கார்ந்தபடியே பழகுவதற்கான மென்பொருளை நாங்கள் செய்கிறோம். அதில் ஒரு பகுதிக்கு வியூவர் என்று பெயர். கப்பலின் மேல்தளத்து ஜன்னல் வழியே என்னவெல்லாம் தெரியுமோ, கடல், கரை, விளக்குகள், எதிரே வருகிற படகு, எல்லாவற்றையும் திரையில் காட்டுவது அதுதான். எண்ணூருக்குள் கப்பலைக் கொண்டுவருகிற பயிற்சி ஒன்று உண்டு. தூரத்தில் வள்ளூர் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் முதலில் தலைகாட்டும், பிறகு கரை மெல்ல எழுந்து வரும் என்று சொல்வார்கள். சொல்லத்தான் கேட்டிருந்தேன். அதுவரை பார்க்க எனக்குத் தெம்பு இருந்ததில்லை.

திரையில் கப்பல் அசையத் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே எனக்குத் தலை சுற்றும், வாயில் தண்ணீர் ஊறும், வயிறு மேலே ஏறி வரும். நான் தொண்டியார்பேட்டைக்காரி. உப்புக்காற்றில் ஜன்னல் கம்பி துருப்பிடிக்கிற வீட்டில் பிறந்து வளர்ந்தவள். வஞ்சிர மீனையும் மாவுலாசி மீனையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்வேன். ஆனால் கடலுக்குள் ஒருநாளும் போனதில்லை. போயிருந்தால் இந்த வேலைக்கு விண்ணப்பித்தே இருக்கமாட்டேன்.

வேலை எனக்கு எதற்கு வேண்டியிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மகன் பிறந்தபோது விட்ட தொழில் இது. அவன் உயர்நிலைப் பள்ளிக்குப் போன பிறகு மறுபடியும் தேட ஆரம்பித்தேன். போன இடமெல்லாம் ஒரே கேள்வி: இத்தனை வருடம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? தூங்கிக்கொண்டிருந்தேன் என்று நாக்கு நுனிவரை வரும், அடக்கிக்கொள்வேன். இந்த ஓர் இடத்தில்தான் அதைக் கேட்கவில்லை. சில மாதம் இருந்து பாருங்கள், இரண்டு பக்கமும் பிடித்திருந்தால் நிரந்தரமாக்கிக்கொள்ளலாம் என்றார் மேலாளர். இதுவும் போனால் நான் புரோகிராமர் இல்லை, ஒரு காலத்தில் புரோகிராமராக இருந்தவள் ஆகிவிடுவேன். அதை என்னால் தாங்க முடியாது. ஆகவே யானைக்கவுனிப் பக்கத்து மொத்தக்கடையில் இஞ்சி மிட்டாய் பொட்டலம் பொட்டலமாக வாங்கிவந்து, எந்நேரமும் ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு சமாளித்தேன். எனக்கு இனிப்புப் பைத்தியம் என்று அலுவலகத்தில் நினைத்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் வியூவரின் செட்டிங்ஸ் மெனுவை யாராவது ஒழுங்குபடுத்தித் தொலையுங்கள் என்று பேச்சு வந்தது. நான் செய்கிறேன் என்று கையைத் தூக்கினேன். மற்றவர்கள் என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார்கள். அவர்கள் பார்த்தது நியாயம்தான் என்று மெனுவைத் திறந்ததும் தெரிந்தது.

எங்கள் கம்பெனி கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்லாத கம்பெனி. யார் எதைக் கேட்டாலும் செய்துகொடுத்து, மெனுவின் கடைசியில் ஒரு வரியாகத் தொங்கவிட்டுவிடுவார்கள். 'மற்றவை' என்று ஒரு பக்கம், அது நிறைந்ததும் 'மற்றவை புதியது', அதுவும் நிறைந்ததும் 'பழைய மற்றவை'. கடலின் நிறத்தை மாற்ற மூன்று இடங்கள், அவற்றில் ஒன்று வேலையே செய்யாது. மூடுபனிக்கான வரி 'ஒலி' என்ற பக்கத்தில் இருந்தது. ஏனென்றால் மூடுபனியைக் கேட்ட வாடிக்கையாளர் அதோடு சேர்த்துக் கப்பலின் சங்கொலியையும் கேட்டாராம். எண்ணூர்ப் புகைபோக்கிகளில் எவ்வளவு புகை வரவேண்டும் என்பதற்குக்கூட ஒரு முள் இருந்தது, இடமும் வலமும் நகர்த்துகிற மாதிரி. அதை எழுதிவிட்டுப் போன புண்ணியவான் அதை 'மொழி' என்ற பக்கத்தில் வைத்திருந்தார். காரணம் கேட்க ஆள் இல்லை.

எனக்கு இது கைவந்த வேலை. என் சமையலறையில் உப்பும் மிளகாய்த்தூளும் கைக்கெட்டுகிற இடத்தில் இருக்கும், பிரியாணி தேக்சா பரண்மேல் இருக்கும். மெனுவிலும் அதையேதான் செய்தேன். ஒவ்வொரு வரியையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டி, கப்பல், வானிலை, கரை, ஒலி என்று நகர்த்திக்கொண்டே இருந்தேன். போகிறவர் வருகிறவரெல்லாம் ஒரு துண்டைப் பிடுங்கி வேறு இடத்தில் ஒட்டுவார்கள், நான் சண்டை போட்டுத் திரும்ப ஒட்டுவேன். வேலைக்குத் திரும்பியதில் எனக்கு மிகப் பிடித்தது அந்தச் சண்டைதான். வீட்டில் என்னோடு யாரும் மூடுபனியைப் பற்றிச் சண்டை போட்டதில்லை.

அப்படி நகர்த்தும்போது, 'பழைய மற்றவை'யின் அடியில் 'கப்பல் ஆட்டம்' என்று ஒரு முள் அகப்பட்டது. அது ஏறக்குறைய வலது கோடியில், மிக அதிகமான ஆட்டத்தில் நின்றது. எங்கள் சோதனையாளரைக் கேட்டேன். காசிமேட்டு விசைப்படகில் பல வருடம் கடலுக்குப் போய், பிறகு துறைமுகத்து இழுவைப் படகில் இருந்து, முழங்கால் வலியால் கரையேறியவர். வியூவரில் தெரியும் கடல் நிஜக்கடல்போல் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. எல்லோருக்கும் அண்ணன்.

"அதுவா? மொதல்ல காட்டசொல்ல ஆட்டமே இல்லமா," என்றார் பெருமையாக. "இன்னா சார், கோயில் கொளத்துல தெப்பம் வுட்றீங்களான்னு கேட்டேன். ஏத்துனாங்க. பத்தல, இன்னும் ஏத்துன்னேன். அப்பால நம்ம தோஸ்துங்கள காசிமேட்லர்ந்து இட்டாந்து ஒக்கார வெச்சேன். அவனுங்களும் பத்தலன்னானுங்க."

அங்கேயே எனக்கு விளங்கிவிட்டது. கடலிலேயே வாழ்ந்தவர்களை மட்டும் கூப்பிட்டு, ஆட்டம் போதுமா என்று கேட்டிருக்கிறார்கள். அவர்கள் உள்ளதைச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் படகில் கண்ணோடு சேர்ந்து உடம்பும் ஆடும். இங்கே திரை ஆடுகிறது, நாற்காலி ஆடவில்லை. அவர்களுடைய பழகிய வயிற்றுக்கு அது உறைக்கவில்லை. என்னைப் போன்ற ஒருத்தியை உட்காரவைத்துக் கேட்கவேண்டும் என்று இந்த வட்டாரத்தில் யாருக்குத் தோன்றும்? முள்ளை நானே இறக்கினால் அண்ணன் உடனே கண்டுபிடித்துவிடுவார். அதனால் அதைத் தொடவும் இல்லை, வாயைத் திறக்கவும் இல்லை. திறந்தால் அடுத்த கேள்வி, உனக்கு எப்படித் தெரியும் என்பது.

அதே சமயத்தில், எங்களிடம் வியூவர் வாங்கிய ஒரு பயிற்சிப் பள்ளியிலிருந்து புகார் வந்தது. பிள்ளைகள் தலை சுற்றுகிறது என்று பாதி வகுப்பில் எழுந்து போய்விடுகிறார்களாம், இப்படியே போனால் வியூவரைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்களாம். தேனியிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் வந்து படிக்கிற பிள்ளைகள். எங்கள் கூட்டத்தில் ஏசியைக் குறை சொன்னார்கள், திரையைக் குறை சொன்னார்கள், பிள்ளைகள் சாப்பிடாமல் வருகிறார்கள் என்றார்கள். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதையாக அன்று நான்தான் அதிகம் பேசினேன். காலைச் சாப்பாடு எவ்வளவு முக்கியம் என்பதைப் பற்றிப் பேசினேன்.

பிறகு நோன்பு மாதம் வந்தது. மெனு வேலை முடிந்திருந்தது. இனி ஒவ்வொரு வரியும் சரியாக வேலை செய்கிறதா என்று கடலை ஓடவிட்டுப் பார்க்கவேண்டும். பகலில் மிட்டாய் கிடையாது. தானாக வருகிற வாந்தியால் நோன்பு முறியாது என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். வேலை முறியாது என்று யாரும் சொன்னதில்லை. மூடுபனியைச் சோதித்தேன், மழையைச் சோதித்தேன். அலையைச் சோதிக்கும்போது மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.

அண்ணன் பார்த்துவிட்டார். "இன்னாமா, மூஞ்சி வெளுத்துப் போய் கீது? நோன்பு வெச்சுகினு எதுக்கு இத்த பாத்துகினு கீற? நவுரு, நான் பாக்கறேன்." சொன்னதோடு நிற்காமல் மேலாளர் பக்கம் திரும்பினார். "சார், தங்கச்சி நோன்பு. ஆட்ற வேலயெல்லாம் இந்த மாசம் எனுக்கு வுட்ருங்க."

"தாராளமா. பெருநாள் முடியட்டும்," என்றார் மேலாளர், தலையைக்கூட நிமிர்த்தாமல்.

பெருநாள் வரைக்கும் எனக்குத் தப்பிக்க வழி கிடைத்துவிட்டது. பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் நோன்பு வாயை வைத்துக்கொண்டு நோன்பின்மேலேயே பழிபோட எனக்கு மனசு வரவில்லை. நான் ஒன்றும் பெரிய பக்திசாலி இல்லை. இருந்தாலும் அது மட்டும் முடியவில்லை.

"நோன்பால இல்லண்ணே," என்றேன். "வந்த நாள்லருந்தே இப்டிதான். கடல் ஆடினா எனக்கு வயித்தப் புரட்டுது. சார், என்னால இத பாக்க முடியாது. இத்தன நாளும் மிட்டாய் போட்டு ஓட்டிக்கிட்டு இருந்தேன்."

மேலாளர் இப்போது நிமிர்ந்தார். போச்சு என்று நினைத்தேன். கைப்பை எங்கே இருக்கிறது என்றுகூடக் கண்ணால் தேடினேன். அவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து, "முதல்ல தலையா, வயிறா?" என்று கேட்டார்.

"தலை சார். அப்புறம்தான் வயிறு."

"அந்த ஸ்கூல் பசங்களும் அப்படித்தான் சொன்னாங்க," என்றார். "நாம அவங்கள டிபன் சாப்பிட்டீங்களான்னு கேட்டுட்டு இருந்திருக்கோம்."

நான் அண்ணனைப் பார்த்தேன். அந்தக் கடல் அவருடையது. வியூவருக்குள் அதைக் கொண்டுவந்ததில் அவருக்கு எவ்வளவு பெருமை என்பது எனக்குத் தெரியும். கரையில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தி, அது எனக்கு ஆகவில்லை என்று மேலாளர் முன்னால் சொல்கிறாள். அவர் கோபப்பட்டிருந்தால் அதில் தப்பில்லை. அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "நீதான் எல்லாத்தியும் மாத்தி வெச்சுகீறியே, எங்க கீது அது? காட்டு," என்றார்.

காட்டினேன். முள்ளைத் தம் கையாலேயே கொஞ்சம் இறக்கினார். "இப்போ?"

"இன்னும் ஆடுதுண்ணே."

"இப்போ?"

"இன்னும்."

அவர் இறக்கிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு முறையும் திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். கடைசியில் ஓரிடத்தில் என் கண் நிலைத்தது. தண்ணீர் மெல்ல ஏறி மெல்ல இறங்கியது. தூரத்தில் வள்ளூர்ப் புகைபோக்கிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன, பிறகு கரை வந்தது. வேலைக்குச் சேர்ந்து முதல்முறையாக நான் எண்ணூருக்குள் நுழைந்தேன். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அது மயக்கத்தால் இல்லை.

"இதுக்குப் பேரு கடலா? டம்ளர் தண்ணி," என்றார் அண்ணன். "நீ பாக்கறியா?"

"பாக்கறேண்ணே."

"அப்ப சரி. படகுல ஏர்ற பசங்களும் மொத நாளு வாந்தி எடுக்கறவனுங்கதான். அன்னாடம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்திகினா பயகிப்பானுங்க."

அந்த முள்ளை மெனுவின் முதல் பக்கத்தில், முதல் வரியாக வைத்தோம். மேலாளர் அதற்கு ஒரு நீளமான ஆங்கிலப் பெயரைச் சொன்னார். நான் முடியாது என்று பிடிவாதம் பிடித்து, 'கடல் எவ்வளவு ஆட வேண்டும்?' என்றே எழுதினேன். முள்ளின் இடது பக்கத்தில் 'கரைக்காரர்', வலது பக்கத்தில் 'கடல்காரர்' என்று போடச் சொன்னவர் அண்ணன். பள்ளிக்குப் புதிய பதிப்பை அனுப்பினோம். பிள்ளைகள் வகுப்பு முடியும்வரை உட்கார்கிறார்கள் என்று பதில் வந்தது. திருப்பிக் கொடுக்கிற பேச்சு அதோடு நின்றது.

பெருநாள் கழிந்து நான் திரும்பிவந்த அன்று மேலாளர் கூப்பிட்டு, என்னை நிரந்தரமாக்கிவிட்டதாகச் சொன்னார். "எதையும் வெளிய அனுப்பறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் பாக்கணும். அவர் கடல்னு சொல்லணும், நீங்க தல சுத்தலன்னு சொல்லணும்," என்றார். எதை மறைத்தால் வேலை நிலைக்கும் என்று நினைத்தேனோ, அதைச் சொன்னதால் நிலைத்தது. சாத்தாங்காட்டு இரும்புச் சந்தையில் வேலை பார்க்கிற என் கணவரிடம் வீட்டில் சொன்னேன். "தல சுத்துறதுக்கு சம்பளமா? என் தங்கச்சிக்கு பஸ்ல ஏறினாலே வரும், அவளையும் சேத்துவுடு," என்றார். சிரித்துச் சிரித்து எனக்கு அழுகை வந்துவிட்டது. வாழ்க்கையில் பல பேருக்கு நன்றி சொல்ல வேண்டியவள் நான், அந்த மாடியில் இருக்கிறவர்களுக்கு எல்லோரையும்விட முதலில்.

இப்போதும் ஒவ்வொரு பதிப்பையும் அண்ணன்தான் முதலில் பார்க்கிறார். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே கணினி. உட்கார்ந்ததும் முள்ளை வலது கோடிக்குத் தள்ளிவிட்டு, தம்முடைய கடலில் ஒரு சுற்றுப் போய்வருவார். நான் அந்தப் பக்கம் திரும்பமாட்டேன். முடித்துவிட்டு எழுந்திருக்கும் முன், முள்ளை எனக்கான இடத்துக்கு இறக்கி வைப்பார். அப்படிச் செய்யும்படி அவரிடம் யாரும் சொல்லவில்லை. வியூவரை மூடினால் முள் தானாக அங்கே வந்து நிற்கும்படி எழுத எனக்கு அரை மணி நேரம் போதும். ஆனால் எனக்காக அதை அவர் தம் கையால் இறக்குகிறார், அதனால் இன்றுவரை நான் எழுதவில்லை. அவர் எழுந்ததும் நான் போய் உட்கார்ந்து, எண்ணூர்வரை போய்வருகிறேன்.