கையெழுத்து விழாவிட்டால் கூலி இல்லை

டெல்ஃபினா பெத்தன்கோர்ட் முப்பது வருடம் கஸ்டைன் ஊர்ப் பால் கூட்டுறவில் கணக்கு எழுதியவர். அது மூடப்பட்ட பிறகு நோட்டரி ஆனார். எங்கள் கலிஃபோர்னியாவில் அதற்கு வக்கீல் படிப்பு வேண்டாம். பரீட்சை எழுதி, விரல் ரேகை கொடுத்து, முத்திரை வாங்கினால் போதும். வீட்டுக்கடன் வாங்குகிறவர்களின் வீடு தேடிப் போய், அவர்கள்தான் அவர்கள் என்று அடையாள அட்டையைப் பார்த்து உறுதி செய்து, கையெழுத்து வாங்கி, முத்திரை குத்திப் பத்திரங்களை அனுப்புவதுதான் வேலை. பக்கத்து ஊரான லாஸ் பானோஸில் நானும் அதே தொழில்தான். லாரி உதிரிபாகக் கடையில் இருந்தவன், இடுப்பு வலி வந்த பிறகு இதில் இறங்கினேன். தொழிலைக் கற்றுக்கொடுத்தவர் அவரில்லை, ஆனால் எந்தப் பக்கத்தில் என்ன சந்தேகம் வந்தாலும் நான் கூப்பிடுவது அவரைத்தான்.

எங்களுக்கு வேலை கொடுப்பது கடன் கொடுக்கும் வங்கி அல்ல. வங்கி, சொத்து யாருடையது என்று சரிபார்த்துப் பத்திரம் முடிக்கும் பத்திரக் கம்பெனியிடம் சொல்லும், பத்திரக் கம்பெனி ஓர் இடைத்தரகுக் கம்பெனியிடம் சொல்லும், அவர்கள் எங்கள் போனுக்கு ஒரு செய்தி அனுப்புவார்கள். யார் முதலில் 'சரி' என்று அழுத்துகிறாரோ அவருக்கு வேலை. தெற்கே ஏதோ ஒரு கண்ணாடிக் கட்டிடத்தில் உட்கார்ந்திருக்கும் அந்தக் கம்பெனியின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அவர்களுக்கு விளம்பரம்தான்.

2021 மார்ச்சில், வட்டி குறைந்து ஊரே கடனை மாற்றி எழுதிக்கொண்டிருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை டெல்ஃபினாவுக்கு ஒரு வேலை வந்தது. கோல்டர்வில் தாண்டி மலையில் ஒரு வீடு. போக எழுபது மைல், வர எழுபது மைல். தொண்ணூறு டாலர். நூற்று நாற்பத்தெட்டுப் பக்கங்களை இரண்டு பிரதி அச்சடிக்க வேண்டும். காகிதமும் மையும் அவருடையவை, பெட்ரோலும் அவருடையது. அந்த மாதம் அவர் கணவர் அடலினோவுக்கு முழங்கால் அறுவை. அதனால் 'சரி' என்று அழுத்திவிட்டார்.

வீட்டுக்காரர் பெயர் ஆர்லோ கெச்சம். எழுபத்திரண்டு வயது, தனி ஆள், ஆழ்துளைக் கிணறு போட்டுப் பிழைத்தவர். சமையலறை மேசையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். நான்காவது பக்கத்தில் விரல் நின்றது.

"என்ன இது, வட்டி மூணரைன்னு போட்டிருக்கு? போன்ல மூணுன்னுதானே சொன்னாங்க?"

"ஏன் அப்படின்னு நான் சொல்லக் கூடாது சார். சட்டம் அப்படி" என்றார் டெல்ஃபினா. "ஆனா நீங்க படிச்சது சரிதான், அங்க மூணரைன்னுதான் இருக்கு. கடன் தர்றவர்கிட்டக் கேட்டுட்டு அப்புறம் போடுங்க."

வங்கியின் கடன் அதிகாரி போனை எடுக்கவில்லை. டெல்ஃபினா இடைத்தரகுக் கம்பெனியைக் கூப்பிட்டார். கைலா என்ற பெண் எடுத்தாள்.

"கிளம்பிடாதீங்க, அங்கேயே இருங்க. அவர் கூப்பிடுவார்."

"எவ்வளவு நேரம்?"

"இதோ இப்பவே."

அந்த 'இப்பவே' இரண்டு மணி நேரம் ஆனது. அதையும் கைலா எழுத்திலேயே மூன்று முறை அனுப்பினாள்: அங்கேயே இருங்கள். ஆர்லோ காப்பி போட்டுக் கொடுத்தார், டப்பா பீச் பழத்தைத் திறந்து வைத்தார், தன்னால்தான் இந்தத் தாமதம் என்பதுபோல் நாலு தடவை மன்னிப்புக் கேட்டார். கடைசியில் கடன் அதிகாரி கூப்பிட்டது ஆர்லோவை அல்ல, டெல்ஃபினாவை.

"மேடம், சும்மா போடச் சொல்லுங்க. பிடிக்கலேன்னா மூணு நாளுக்குள்ள கேன்சல் பண்ணிக்கலாம், அந்த உரிமை அவருக்கு இருக்கு. நீங்க சொன்னா கேப்பார்."

"நான் சொன்னா கேப்பார்ங்கிறதுனாலதான் நான் சொல்ல மாட்டேன். இந்தாங்க, அவர்கிட்டயே பேசுங்க."

ஆர்லோ போனை வாங்கிக் காதில் வைத்தார். நிறைய நேரம் கேட்டார், கொஞ்சம்தான் பேசினார். பிறகு போனை மேசைமேல் வைத்துவிட்டு, "நான் போடல அம்மா. இவன் பேசுற வேகத்துக்கு என்னால ஓட முடியாது" என்றார்.

டெல்ஃபினா காகிதங்களை உறையில் போட்டுக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்றே கைலாவுக்குத் தகவல் சொன்னார்.

"நீங்க கொஞ்சம் பேசி முடிச்சிருக்கலாமே" என்றாள் கைலா. "மத்த நோட்டரிங்க எல்லாம் எப்படியோ முடிச்சிடறாங்க."

"என்ன பேசி முடிக்கிறது? நான் என்ன கார் விக்கவா வந்தேன்?"

திங்கட்கிழமை பதில் வந்தது. கையெழுத்து ஆகாத பயணத்துக்குக் கட்டணம் கிடையாது. உங்கள் பெயரில் முடிக்காத வேலை: ஒன்று. இவ்வளவுதான் செய்தி. ஒரு பெண்மணி தன் காரில், தன் காகிதத்தோடு மலை ஏறி, அவர்கள் சொன்னபடி இரண்டு மணி நேரம் காத்திருந்து, சட்டம் எதைச் செய்யச் சொல்கிறதோ அதை மட்டும் செய்துவிட்டு வந்திருக்கிறார். அதற்குப் பெயர் முடிக்காத வேலை. அந்த விதியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எதிரில் இருப்பவர் தயங்கினால் எங்கள் கூலி போய்விடும். அப்படியானால் தயங்குகிறவரைத் தள்ளிவிடச் சொல்லித்தானே அந்த விதி எங்களிடம் சொல்கிறது? யாருக்காக நாங்கள் சாட்சியாக உட்காருகிறோமோ அவர்களுக்கு எதிராகவே எங்கள் வயிற்றைத் திருப்பி வைத்திருக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை அதே வீட்டுக்கான வேலை என் போனுக்கு வந்தது. எழுபத்தைந்து டாலர். முதலில் யார் போனது, என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை. அழுத்திவிட்டுக் கிளம்பினேன்.

ஆர்லோ கெச்சம் என்னை உட்கார வைத்துவிட்டு நேராக நான்காம் பக்கத்தைத் திருப்பினார்.

"மூணு!" என்றார். "பார்த்தீங்களா, மூணு ஆயிடுச்சு. போன வாரம் மூணரைன்னு இருந்துச்சு. ஏதோ தப்பு நடந்துபோச்சுன்னு சொல்றாங்க. தப்பு எப்பவும் அவங்க பக்கமாவே நடக்குது, கவனிச்சீங்களா?"

நான் சிரித்துவைத்தேன். எங்களுக்குக் கருத்துச் சொல்ல அனுமதி இல்லை.

"வெள்ளிக்கிழமை ஒரு அம்மா வந்தாங்க. பெத்தன்கோர்ட்டுன்னு பேரு. ரெண்டு மணி நேரம் அந்த நாற்காலியிலதான் உட்கார்ந்திருந்தாங்க. போடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லல. வேற யாராவது வந்திருந்தா நான் போட்டிருப்பேன். எனக்கு இந்தப் பேப்பரைப் பார்த்தாலே தலை சுத்தும்." கையெழுத்துப் போட்டுக்கொண்டே கேட்டார்: "அவங்களுக்கு நல்லாக் கொடுத்திருப்பாங்க, இல்ல?"

நான் அடுத்த தாளை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் கட்டைவிரலை மையில் ஒற்றி என் பதிவேட்டில் வைத்தார். மொத்தம் நாற்பது நிமிடம். இறங்கி வரும் வழியில் ஸ்னெல்லிங் பெட்ரோல் பங்கில் நிறுத்தி டெல்ஃபினாவைக் கூப்பிட்டு, ஆர்லோ கேட்டதையே கேட்டேன்.

"ஒரு காசு தரல" என்றார். பிறகு கேட்டார்: "உனக்கு எவ்வளவு?"

சொன்னேன்.

"எழுபத்தஞ்சுக்கா அந்த மலைக்குப் போனே? உன் கார் என்ன தண்ணியிலயா ஓடுது நெல்சன்? எனக்குத் தொண்ணூறு, உனக்கு எழுபத்தஞ்சு, அடுத்து வர்றவனுக்கு அறுபது. அவங்க திருடுறாங்க சரி, நீ ஏன் கதவத் திறந்துவிடுறே?"

சரியான காகிதத்தைச் சுமந்துபோனவனுக்குக் கூலி கிடைத்தது. காகிதம் சரியாகக் காரணமாக இருந்தவருக்கு இல்லை. அதற்கு நானும் ஒரு கை கொடுத்திருக்கிறேன்.

மூன்று வாரம் டெல்ஃபினா அந்தக் கம்பெனியின் கணக்குப் பிரிவைக் கூப்பிட்டார். ஒருமுறை இசை, ஒருமுறை "மேலே அனுப்பியிருக்கோம்", ஒருமுறை பாதியிலேயே இணைப்புப் போனது. பிறகுதான் அவருக்குத் தோன்றியது. கடன் காகிதங்களின் முதல் தாளில் பத்திரக் கம்பெனி அதிகாரியின் பெயரும் எண்ணும் இருக்கும். யோலாண்டா பச்சேகோ, மொடெஸ்டோ கிளை. தன்னைத் தாண்டி அங்கே பேசக் கூடாது என்று இடைத்தரகுக் கம்பெனி தன் விதிகளில் எழுதி வைத்திருந்தது. டெல்ஃபினா பேசினார்.

"கையெழுத்து ஆகலேன்னா எங்களுக்குக் காசு இல்லைன்னு சொல்றாங்க. அது உங்க விதியா, அவங்க விதியான்னு தெரிஞ்சுக்கணும்" என்றார்.

யோலாண்டா தன் கணினியில் தேடினார். விசைகள் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"என்ன சொல்றீங்க நீங்க? அந்த வெள்ளிக்கிழமை பயணத்துக்குன்னு தனியா நூத்தம்பது கொடுத்திருக்கோம். செவ்வாய்க்கிழமைக்கு இருநூத்தி இருபத்தஞ்சு."

"அதை எழுத்துல தருவீங்களா?"

"எங்க மேனேஜர்கிட்டக் கேக்கணும்." யோலாண்டா இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். ஆனால் அனுப்பினார்.

முந்நூற்றெழுபத்தைந்து வாங்கிக்கொண்டு எங்கள் இருவருக்கும் சேர்த்து எழுபத்தைந்து கொடுத்திருக்கிறார்கள். டெல்ஃபினா போன பயணத்துக்கு என்றே பெயர் சொல்லிக் கொடுத்த பணத்தைப் பையில் போட்டுக்கொண்டு, 'கட்டணம் கிடையாது' என்று அவருக்கே எழுதியிருக்கிறார்கள். எனக்குக் காது வரை சூடேறியது. டெல்ஃபினா கத்தவில்லை. அடலினோவின் முழங்காலுக்குப் பனிக்கட்டிப் பையை வைத்துவிட்டு, லாஸ் பானோஸ் நீதிமன்றத்துக்குப் போய் முப்பது டாலர் கட்டி, சிறு வழக்குகளுக்கான படிவத்தை நிரப்பிக் கொடுத்தார். கேட்ட தொகை நூற்றைம்பது.

"இதுக்கா கோர்ட்டு?" என்றார் அடலினோ.

"இதுக்காக யாரும் கோர்ட்டுக்கு வர மாட்டாங்கங்கிற தைரியத்துலதான் அவங்க கடை நடக்குது."

விசாரணைக்கு முதல் நாள் கம்பெனியிலிருந்து போன் வந்தது. நாற்பத்தைந்து டாலர் தருகிறார்கள். வழக்கைத் திரும்பப் பெற வேண்டும், வெளியே பேச மாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும்.

"முதல்ல நான் அதை உட்கார்ந்து படிக்கணும்" என்றார் டெல்ஃபினா. "படிச்சுட்டுப் போட மாட்டேன்." வைத்துவிட்டார்.

நான் சாட்சியாகப் போனேன். ஆர்லோ கெச்சம் மலையிலிருந்து இறங்கி வர முடியாமல், கோணல்மாணலான எழுத்தில் ஒரு பக்கக் கடிதம் எழுதி அனுப்பியிருந்தார். கம்பெனி சார்பில் இஸ்திரி கலையாத சட்டையில் ஓர் இளைஞன், நாலரை மணி நேரம் கார் ஓட்டி வந்திருந்தான். பாவம், அவனுக்கு வழக்கே சரியாகத் தெரியவில்லை. ஒப்பந்தத்தின் ஒன்பதாவது விதியைப் படித்தான்: வேலை முடிந்தால்தான் கட்டணம்.

நீதிபதி ஒரு வயதான பெண். அந்த விதியை வாங்கிப் படித்தார், யோலாண்டாவின் கடிதத்தைப் படித்தார், கைலாவின் மூன்று செய்திகளைப் படித்தார்.

"இந்த நூத்தம்பதை நீங்க பத்திரக் கம்பெனிக்குத் திருப்பிக் கொடுத்துட்டீங்களா?"

"அந்த விவரம் என்கிட்ட இல்லைங்க."

"முடியாத வேலைக்குக் காசு இல்லைன்னா, நீங்க மட்டும் எப்படி வாங்கினீங்க?"

அவன் தன் காகிதங்களைப் புரட்டினான்.

"இன்னைக்கு இங்க வந்ததுக்கு உங்களுக்குச் சம்பளம் உண்டா?"

"உண்டுங்க."

"ஜெயிச்சாலும் தோத்தாலுமா?"

அவன் டெல்ஃபினாவை ஒரு முறை பார்த்தான். "ஆமாங்க" என்றான், மெதுவாக.

தீர்ப்பு ஒன்பது நாள் கழித்துத் தபாலில் வந்தது. நூற்றைம்பதும், கட்டிய முப்பதும். கம்பெனி காசோலை அனுப்ப இன்னும் ஆறு வாரம் எடுத்துக்கொண்டது. அதற்கு முன்பே, தீர்ப்பு வந்த மறுநாளே, எங்கள் இருவர் போனுக்கும் ஒரே வாசகம் வந்துவிட்டது: உங்கள் விவரங்கள் எங்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. இதற்கு மட்டும் அவர்களுக்குத் தாமதம் கிடையாது.

டெல்ஃபினா அந்தத் தீர்ப்பைப் படமெடுத்து, எங்கள் பக்கத்து நோட்டரிகள் பேசிக்கொள்ளும் இணையப் பக்கத்தில் போட்டார். ஒரு வரிகூட எழுதவில்லை. மாலைக்குள் பதினொரு பேர் தங்கள் கதையை எழுதினார்கள். ஃபிரெஸ்னோவில் ஒருவருக்கு எண்பது, ஸ்டாக்டனில் ஒரு பெண்ணுக்கு மூன்று பயணம், ஆஸ்பத்திரியில் நினைவு தப்பிய நோயாளியிடம் கையெழுத்து வாங்க மறுத்த இன்னொருவருக்கு அறுபத்தைந்து. எல்லாருக்கும் அதே வாசகம், கட்டணம் கிடையாது. எல்லாம் ஒருவரும் வேலையை விட்டுவிட்டு வழக்குப் போட மாட்டார்கள் என்று அளந்து வைத்த தொகைகள். அவர்களில் நாலு பேர் படிவம் வாங்கினார்கள். மற்றவர்கள் வாங்கவில்லை; அவர்களுக்கும் வாடகை இருக்கிறது, நான் குறை சொல்ல மாட்டேன்.

அந்தக் கம்பெனி இன்றும் நடக்கிறது. யோலாண்டாவின் மேனேஜர் இன்றும் அவர்களுக்குத்தான் வேலை கொடுக்கிறார். யோலாண்டா மட்டும், மலை வீடுகள் வரும்போது, மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ, நேரடியாக டெல்ஃபினாவைக் கூப்பிடுகிறார். நூற்று எழுபத்தைந்து, கையெழுத்தானாலும் ஆகாவிட்டாலும். அது போதவில்லை. அந்த ஆகஸ்டில் அவர் பாதாம் ஆலை ஒன்றில் லாரி எடை போடும் வேலைக்குப் போனார். நானும் இப்போது நூற்றிருபதுக்குக் கீழே 'சரி' அழுத்துவதில்லை. அதனால் பல நாள் வீட்டில்தான் இருக்கிறேன்.

போன மாதம் அவர் வீட்டில் இருந்தேன். முட்டைக்கோஸ் சூப்புக்கு லிங்குயிசா என்ற போர்த்துக்கீசியத் தொத்திறைச்சியை நறுக்கிக்கொண்டிருந்தார். போன் அடித்தது, புதிதாக ஒரு கம்பெனி. ஒலிபெருக்கியில் போட்டார். மரிபோசா, எண்பது டாலர், இன்று மதியம்.

"அங்க போயி அவங்க போடலேன்னா?" என்று கேட்டார்.

"அது வந்து மேடம், எங்க பாலிசி என்னன்னா..."

"அப்ப நீங்களே போயிட்டு வாங்க."

கத்தியைத் திரும்ப எடுத்தார். அடலினோ நாற்காலியில் காலை நீட்டியபடி, "இந்த வாரத்துல இது நாலாவது" என்றார் என்னிடம். குரலில் கவலையும் இருந்தது.