இரண்டாகக் கழலும் துவக்கு

காலை ஆறரை மணிக்கு மண்டூர்த் துறையில் பாதைக்குக் காத்து நின்றோம். பாதை என்று இங்கே சொல்வது, வாகனத்தையும் ஆளையும் ஏற்றிக்கொண்டு மட்டக்களப்பு வாவியைக் கடக்கும் மிதவையை. பாலம் வருகிறது வருகிறது என்கிறார்கள். வரட்டும், பிறகு நம்புவோம்.

எனக்குச் சந்தேகம் கூடப் பிறந்தது. கொழும்பில் குடியிருந்து அதைக் கொழுக்கவும் வைத்துவிட்டேன். அன்று அது முழுவதும் என் தங்கை ராணியின் கணவர் சிவராசா மீதுதான். மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற அவரின் தோளில் வெறும் பை ஒன்று தொங்கியது, பள்ளிக்கூடப் பிள்ளையின் பையளவு. அதற்குள் அடங்குகிற துவக்கு, அதாவது துப்பாக்கி, வேண்டுமாம்.

துவக்கு வாங்குவதில் குற்றமில்லை. அவர்களுடைய கச்சான் தோட்டத்தில் நிலக்கடலையை முயலும் எலியும் விட்டுவைப்பதில்லை; இரவில் சிவராசா அங்கே குடிலில் காவல் படுக்கிறார். பயிர்க் காவலுக்கு அனுமதி எடுத்து வாங்கலாம். ஆனால் எங்கள் பக்கத்தில் வீடும் காணியும் பெண்பிள்ளைக்குத்தான் சீதனமாகப் போகும். உழுகிறவர் சிவராசா, காணி ராணியின் பேரில். ஆகவே துவக்குக்கும் அவள்தான் விண்ணப்பித்துக் கையெழுத்து வைக்கவேண்டும். முந்தின நாள் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்ச் சொன்னாள்.

“அண்ணா, நாளைக்கு நீங்களும் கூடப் போங்க. இந்த மனிசன் ஏன் பைக்குள்ள ஒளிக்கிற துவக்குத் தேடுறார் எண்டு அறிஞ்சுகொண்டு வாங்க. மறுகாத்தான் நான் கையெழுத்து வைப்பன்.”

குருமண்வெளியில் இறங்கி, களுவாஞ்சிக்குடியில் பிரதான வீதியைப் பிடித்து வடக்கே ஓடினோம். மட்டக்களப்பு நகரம் இருபத்தெட்டுக் கிலோமீற்றர், அங்கிருந்து வாழைச்சேனை இன்னும் முப்பது. கல்லடிப் பாலத்துக்கு முன்னால் ஒரு பொலிஸ்காரர் மறித்துப் பையைத் திறந்து பார்த்தார். உள்ளே காற்றுத்தான் இருந்தது. மச்சானுக்கோ கழுத்தெல்லாம் வியர்த்துவிட்டது. மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம்? இதையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

ஏறாவூரில் தேத்தண்ணி குடித்தோம். யாரோடாவது வாய்க்கால் தண்ணீர்ச் சண்டையா என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்.

“எனக்கென்ன சண்டை, மச்சான்,” என்றார். வடையைப் பிய்த்தபடி வைத்திருந்தார், தின்னவில்லை.

வாழைச்சேனைக் கடைக்குப் பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தோம். கடைக்காரர் நரைத்த தாடி வைத்த முஸ்லிம் மனிதர். மச்சான் அவரை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிட்டார். காக்கா எனக்கு மேலான சந்தேகக்காரர். துவக்கைக் காட்டுமுன்னே காணி யார் பேரில், அனுமதி யாருக்கு, கூட வந்த இந்த ஐயா யார் என்று விசாரித்து முடித்தார்.

“பெண்சாதிட பேர்லயா? அப்ப அவங்க வந்து கையெழுத்து வச்சாத்தான் சாமான் கடைய விட்டு வெளிய போகும். இண்டைக்குப் பாக்க மட்டும்தான்.”

மேசையில் இரண்டை வைத்தார். ஒன்று நெடிய ஒற்றைக்குழல் துவக்கு. மற்றது சின்ன ரைபிள். திருகிக் கழற்றினால் குழல் ஒரு பக்கம், தோளில் அண்டக்கொடுக்கும் தடி ஒரு பக்கம் வந்துவிடும். பிளாஸ்டிக் தடி, ஒரு கையால் தூக்கலாம். நெடியதைத்தான் வாங்கவேண்டும் என்றேன் நான். பன்றி வந்தாலும் அது நின்று பேசும். சின்னது முயலுக்கு மட்டும்தானே?

“ஓம், முயல் எலிக்குத்தான் இது சரி,” என்றார் காக்கா. “பன்றியச் சுட்டா அது கோபப்பட்டுத் திரும்பி வரும். கழட்டிக் கழட்டிப் பூட்டினாக் குறியும் கொஞ்சம் விலகும். வாவிக் காத்துக்கு எண்ணெய் போடாட்டித் துரு வேற.”

மச்சான் எதையும் காதில் வாங்கவில்லை. குழலை ஒரு கையிலும் தடியை மறுகையிலும் வைத்துக்கொண்டு கேட்டார்.

“காக்கா, இந்தக் குழல் இல்லாட்டி இது வெடிக்காதுதானே?”

“எப்பிடி வெடிக்கும்?”

“குழல் மட்டும் தனிய வாங்க ஏலுமா?”

“ஏலாது.”

“அது நல்லது,” என்றார் மச்சான். நெடியதை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

காக்கா என்னைப் பார்த்தார், நான் காக்காவைப் பார்த்தேன். பிறகு அவர் இரண்டையும் எடுத்து அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

திரும்பி வரும்போது என் மனம் போகாத இடமில்லை. பாதியை ஓரிடத்திலும் பாதியை இன்னோரிடத்திலும் ஒளிப்பவன் நல்லதுக்கா ஒளிப்பான்? பின்னேரம் குருமண்வெளித் துறையில் பாதை அக்கரையில் நின்றது. இனிப் பொறுக்க முடியாது என்று நேராகவே கேட்டேன்.

“மச்சான், ஆருக்கு இந்தத் துவக்கு? உண்மையச் சொல்லுங்க. ராணி கையெழுத்து வச்சா நாளைக்கு அவள்தான் பதில் சொல்லவேணும்.”

அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“போன மாரி வெள்ளத்தில வயல் முழுக்கப் போச்சுது தெரியுந்தானே. அதுக்குப் பிறகு காவல் குடில்ல தனியக் கிடக்கக்குள்ள, மனம் கண்ட கண்ட பக்கமெல்லாம் போகுது மச்சான். முழுத் துவக்கு ஒண்டு பக்கத்தில கிடந்தா, நான் என்னை நம்ப மாட்டன்.”

அவர் தோளில் தொங்கிய வெறும் பையைப் பார்த்தேன்.

“அதான் ரெண்டாக் கழட்டுறதப் பாத்தன். தடி என்னட்டக் கிடக்கும், குழல் இந்தப் பைக்குள்ள அவளிட்ட. விடியக்குள்ள அவள் தேத்தண்ணி கொண்டு வரக்குள்ள குழலும் வரும். போகக்குள்ள கொண்டு போயிருவாள். ஏனெண்டு அவளுக்குச் சொல்லத்தான் வாய் வரல்ல.”

காலையிலிருந்து இந்த மனிதனைக் கள்ளனைப் பார்ப்பதுபோலப் பார்த்து வந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பாதை வந்து ஏறி இறங்கும்வரை விடவில்லை. நாளைக்கே ஆசுபத்திரிக்குப் போய் டொக்டரோடு கதைப்போம் என்றேன். கரை தட்டும்போது, “ஓம், போவம்,” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் குளிக்கப் போனார். அடுப்படியில் ராணியிடம் ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். அவள் திடுக்கிடுவாள் என்று நினைத்தேன். அவள் கண்ணைத் துடைத்தாள், அவ்வளவுதான்.

“எனக்குத் தெரியும் அண்ணா. எட்டு மாசமாப் பாக்கிறன். கேட்டா ஒண்டுமில்ல எண்டுவார். உங்களிட்டயாவது வாயத் திறக்கட்டும் எண்டுதான் கூட அனுப்பினன்.”

“அப்ப கையெழுத்து?”

“வைக்க மாட்டன். பாதித் துவக்கும் வேணாம், முழுத் துவக்கும் வேணாம். கச்சான முயல் தின்னட்டும்.”

சோற்றை இரண்டு பேருக்குக் கட்டினாள். பாயைச் சுருட்டி எடுத்தாள். சிவராசா தலை துவட்டியபடி வந்து, எங்கே போகிறாய் என்று கேட்டார்.

“குடிலுக்கு,” என்றாள். “இண்டையிலிருந்து நானும் அங்கதான் படுக்கிறது.”

அவர் ஈரத் துண்டைக் கொடியில் போட்டார். மோட்டார் சைக்கிளை முற்றத்தில் திருப்பி நிறுத்தினார். அவள் பின்னால் ஏறி உட்கார்ந்து, பாயை மடியில் வைத்து, அவர் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.